எப்வொர்த் குருமனையின் அடுப்பங்கரை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், தாழ்ந்த சதுப்பு நிலத்தின் நடுவே சற்று உயர்ந்த மேட்டில் அமைந்த சிற்றூர் எப்வொர்த். ஆறுகளும் சதுப்பும் சூழ்ந்திருந்தமையால் அச்சுற்றுப்புறம் ஆக்சோம் தீவு எனப் பெயர் பெற்றது. 1626 முதல் வெர்முய்டன் என்னும் டச்சுப் பொறியாளர் அரசரின் ஆதரவோடு அந்நீரை வடிக்கத் தொடங்கினார். மீன்பிடிப்பையும் மேய்ச்சலையும் நம்பிப் பொதுநிலத்தில் பிழைத்த குடிகள் தம் உரிமை பறிபோயிற்றென்று கரைகளை உடைத்தனர். வழக்கும் கலகமும் தலைமுறைகளாய் நீடித்தன. மேலிருந்து வரும் எதனையும் ஐயத்தோடு நோக்கப் பழகிய இவ்வூருக்கே 1690களில் சாமுவேல் வெஸ்லி குருவாக வந்தார்.

மெதடிஸ்டு இயக்கத்தின் வரலாற்றை ஆக்ஸ்போர்டிலோ, 1738இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவிலோ தொடங்குவது நமது வகுப்பறை வழக்கம். அதனை எப்வொர்த்தின் அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவதே முறை எனக் கருதுகிறோம்.

சாமுவேலின் தந்தையும், அவருடைய மனைவி சூசன்னாவின் தந்தையும் 1662இல் ஆராதனை ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட மறுத்துத் தங்கள் சேகரங்களை இழந்த பியூரிட்டன் குருமார். பிள்ளைகளோ இளமையிலேயே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் திரும்பிவிட்டனர். சூசன்னாவுக்கு அப்போது பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை. கொள்கையை விட்டார்களேயொழிய மனச்சாட்சியின் பிடிவாதத்தை இருவரும் விடவில்லை. மூன்றாம் வில்லியம் அரசருக்காகக் கணவர் ஏறெடுத்த ஜெபத்துக்கு மனைவி ஆமென் சொல்லவில்லை. கணவர் சினந்து சில மாதம் பிரிந்தே இருந்தார். 1702இல் மீண்டும் கூடினர். 1703 ஜூனில் பிறந்த மகன்தான் யோவான் வெஸ்லி. பிறந்த பத்தொன்பது குழந்தைகளில் ஆளானவர் பதின்மர். அவருள் எழுவர் பெண்கள்.

சேகரத்தாரோடும் குருவுக்கு இணக்கம் இல்லை. 1705 தேர்தலில் ஊரார் பலர் வெறுத்த பக்கத்தை அவர் ஆதரித்தார். அவ்வாண்டே கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். வீட்டுப் பசுக்களையும் யாரோ குத்திக் காயப்படுத்தினர். 1709 பெப்ருவரி 9 இரவில் குருமனை எரிந்தது. ஊரார் வைத்த தீ என்று குடும்பத்தார் ஐயுற்றனர், மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் மாடியில் அகப்பட்ட ஐந்து வயது யோவானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று சன்னல் வழியாய் இறக்கியவர்களும் ஊராரே. பிற்காலத்தில் யோவான் சகரியா 3:2இன் கொள்ளியைத் தம்மீது பொருத்திப் பேசினார். அக்கைகளையும் நாம் மறத்தல் ஆகாது.

1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் குருமார் பேரவைக்காக லண்டனில் தங்கியிருந்தார். ஞாயிறு மாலைகளில் சூசன்னா அடுப்பங்கரையில் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் கூட்டி, ஜெபங்களையும் ஒரு பிரசங்கத்தையும் வாசித்துவந்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோருக்குச் சொல்ல, அவர்களும் வந்தனர். பின்பு முப்பது நாற்பது பேராகி, இருநூறாயிற்று. இடமின்றித் திரும்பியவரும் உண்டு. உதவிக் குரு இன்மன் முறையிட்டார். பெண் ஒருத்தி, அதுவும் குருவின் மனைவி, இதைச் செய்வது பார்வைக்கு விபரீதமாயிருக்கிறதென்று கணவர் எழுதினார்.

சூசன்னா 1712 பெப்ருவரியில் எழுதிய மறுமொழியில், இதற்குத் தம்மைத் தூண்டியது எது என்று கூறுகிறார். மூத்த மகள் எமிலி தந்தையின் படிப்பறையில் டேனிஷ் மிஷனெரிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தாள். அது 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், புளுட்சோ ஆகியோரின் கடிதத் தொகுப்பு. 1709இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதைக் கேட்டபின் பல நாள் வேறெதையும் நினைக்கவோ பேசவோ இயலவில்லை என்கிறார் அத்தாய். தாம் ஆணுமல்ல, குருவுமல்ல. ஆயினும் இன்னும் அதிகமாய்ச் செய்யக்கூடும் என்று துணிந்தார். முதலில் மாலைதோறும் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேச ஏற்பாடு செய்தார். வியாழன் யோவானுக்கு உரியது. யோவான் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராயிருந்தபோதும் அந்த வியாழன் மாலையை நினைத்து ஏங்கினார். பின்னரே அண்டை வீட்டாருக்கும் கதவு திறந்தது.

தரங்கம்பாடிக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பணத்தையும் அச்சுப்பொறியையும் நம் சபை வரலாறுகள் விரிவாய் எழுதுகின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றதைப் பற்றியோ ஓரிரு வரிகளே காண்கிறோம்.

கூட்டத்தை நிறுத்தவேண்டுமானால், விருப்பம் என்று எழுதாமல் கட்டளையிட்டு எழுதுங்கள்; அப்பொழுதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் இவ்வாத்துமாக்களைக் குறித்த பழி என்மேல் வராது என்பது அவருடைய இரண்டாம் கடிதத்தின் சாரம். இதனைக் கலகம் என்று கூறுவார் உண்டு, நாம் உடன்படோம். அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அதன் முழுப் பொறுப்பையும் உரியவர் கையில் வைத்தார். சாமுவேல் கட்டளையிடவில்லை.

இக்குடும்பத்தைப் பொற்சட்டத்தில் மாட்டுவதும் தவறு. எட்டு வயதில் கிரேக்கம் படித்த மகள் ஹெட்டி 1725இல் தவறிவிழுந்தபோது, பொருந்தாத மணமே அவளுக்கு வாய்த்தது. தந்தை அவளை மன்னிக்கவில்லை. மறு ஆண்டு அருகிலுள்ள ரூட் ஆலயத்தில் யோவான் அன்பைக் குறித்துப் பிரசங்கித்தார். அது தம்மைக் குறித்ததே என்று தந்தை உணர்ந்து புண்பட்டார்.

1735இல் சாமுவேல் மரித்தார், குருமனை கைமாறியது. 1742 ஜூன் 6 அன்று எப்வொர்த் வந்த யோவானுக்கு உதவிக் குரு ரோம்லி பிரசங்கபீடத்தை மறுத்தார். அன்று மாலை ஆலய முற்றத்தில் தம் தந்தையின் கல்லறைமேல் நின்று பிரசங்கித்தார் யோவான். எட்டு மாலை அது நடந்தது. அடுத்த மாதம் லண்டனில் சூசன்னா காலமானார். 1743 ஜனவரியில் அதே ரோம்லி யோவானுக்குத் திருவிருந்தையும் மறுத்தார். இந்த ரோம்லிக்கு முன்னர் ஆதரவளித்தவர் சாமுவேலே.

அவ்வூரில் 1762இல் பிறந்தவர் அலெக்சாந்தர் கில்ஹம். மெதடிஸ்டுப் போதகரான அவர், சபை ஆளுகையில் குருமாரல்லாதாருக்கும் இடம் வேண்டும் என்று எழுதினார். எப்வொர்த் ஆலயம் வெளியே நிறுத்திய மனிதரின் சபைப் பேரவை, 1796இல் கில்ஹமை வெளியேற்றியது.