நீலத் தொப்பியின் நெறிகள்

போரால் நலிந்த நாடுகளில் அமைதியைக் காக்க ஐக்கிய நாடுகள் அவை 1948ஆம் ஆண்டு முதல் பணிக்குழுக்களை அனுப்பி வருகிறது. அமைதிப்படையினரின் அடையாளம் நீலத் தொப்பி. தொடர்புடைய தரப்பினரின் இசைவைப் பெறுதல், நடுநிலை வகித்தல், தற்காப்புக்கு அன்றிப் படைக்கலம் பயன்படுத்தாமை ஆகிய மூன்றும் அவர்களின் தொடக்ககால நெறிகளாகும்.

1994இல் ருவாண்டாவில் அமைதிப்படை இருந்தபோதே பல இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். ஆள்வலிமையும் அதிகாரமும் குறைந்த அப்படையால் அக்கொடுமையைத் தடுக்க இயலவில்லை. மக்களைக் காவாத நடுநிலை அறமாகுமா என்னும் வினா எழுந்தது. 1999இல் சியரா லியோனுக்குச் சென்ற படைக்குப் பொதுமக்களைக் காக்கும் பொறுப்பும் வெளிப்படையாக வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய 1325ஆம் தீர்மானம், அமைதிப் பணியில் மகளிரின் பங்கை வலியுறுத்தியது.

அத்தீர்மானத்திற்குச் செயல்வடிவம் தந்த நாடுகளுள் இந்தியா முன்நின்றது. 2007இல் நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய மகளிர் காவலர், உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுவந்த லைபீரியாவுக்குச் சென்றனர். ஐ.நா. அமைதிப் பணியில் முழுதும் மகளிர் காவலரைக் கொண்ட முதல் அணி அதுவே. அவர்கள் இரவில் ரோந்து சென்றனர். பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி அளித்தனர். அவர்களைக் கண்ட லைபீரியப் பெண்கள் பலர் தம் நாட்டுக் காவல்துறையில் சேர முன்வந்தனர். ஏட்டில் எழுதிய நெறி, அதனை ஏற்று நடப்போரால்தான் மக்களைச் சென்றடைகிறது என்பதற்கு அவர்களின் பணி சான்றாகும்.