மெலிந்த மண்ணின் பூக்கள்

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் பெரும்பாலும் படியைப் பார்த்தபடியேதான் ஏறுகிறார்கள். அலிபிரிப் பாதையில் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டில் 2,388. மூச்சு வாங்கும்போது நின்று நிமிர்ந்தால் பள்ளத்தாக்கும் பாறை முகடும் கண்ணில் படும். படியோரத்துப் புல்லுக்குள் கடுகளவும் மிளகளவுமாக விரிந்திருக்கும் பூக்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒருநாள் காலை அவற்றுக்காக மட்டுமே இந்த அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். அன்று படிகளை எண்ண வேண்டியதில்லை, மேலே போய்ச் சேரவும் வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் கடந்தாலே அதிகம்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேஷாசலம் மலையின் அடியில் இருப்பது மிகப் பழைய கிரானைட். அதன்மேல் அமர்ந்திருப்பது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உருவான பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டை மலைப்பாதையில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பல பத்துக் கோடி ஆண்டுகளின் வரலாறு அந்தக் கோட்டில் விடுபட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. குவார்ட்சைட் எளிதில் கரையாது, உடைந்தாலும் வளமான மண்ணாக மாறாது. எனவே சரிவுகளில் மண் விரற்கடை அளவுதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு, தண்ணீரும் தங்காது.

இத்தனை வறிய மண்ணில் இத்தனை வகைப் பூக்கள் எப்படி? வறுமைதான் காரணம். வளமான நிலத்தில் உயரமாகவும் வேகமாகவும் வளரும் இரண்டு மூன்று செடிகள் வெளிச்சத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அழுத்திவிடும். மெலிந்த மண்ணில் எந்தச் செடியும் அப்படிப் பெருக முடியாது. ஆகவே சிறியவை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் தென்பகுதியில் சாக் எனப்படும் வெண்சுண்ணப் பாறைமேல் விரிந்த புல்வெளிகள் காட்டுப்பூ நடைகளுக்குப் பேர்போனவை. அங்கே ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடிகள்வரை எண்ணலாம் என்பார்கள். அந்தக் கல் காரத்தன்மை உள்ளது, திருமலைக் கல் அப்படியல்ல. பூக்களும் முற்றிலும் வேறு. ஆனால் சத்துக் குறைவு பலவகைக்கு இடம் கொடுக்கிறது என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. முதல் மழையில் முளைத்தவை இரண்டாம் மழையில் பூக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூக்களைப் பார்க்க நல்ல காலம். காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவது முக்கியம், ஏனென்றால் விஷ்ணுகிரந்தியும் கனாவாழையும் நண்பகலுக்குள் மூடிவிடும்.

நடை தொடங்கும் இடத்திலேயே மூக்குத்திப்பூ நிற்கும். வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழிவார்களே, அதே பூண்டுதான். தெலுங்கில் கட்டி சாமந்தி. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியா முழுவதும் பரவிய செடி இது. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் இதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஒரு பூ என்று நாம் நினைப்பது பல பூக்களின் கூட்டம். நடுவில் மஞ்சள் குழல்கள் ஒவ்வொன்றும் ஒரு பூ, ஓரத்தில் இதழ்போல நீட்டியிருப்பதும் ஒவ்வொன்றும் ஒரு பூ. சூரியகாந்தியும் செவ்வந்தியும் இதே அமைப்புதான்.

அடுத்து ஈரமான ஓரங்களில் கனாவாழை. படகு வடிவ மடலுக்குள்ளிருந்து நீலப் பூ எட்டிப் பார்க்கும். பளிச்சென்ற மஞ்சள் மகரந்தப் பைகள் சில தேனீக்கு ஆசை காட்டத்தான் இருக்கின்றன. அவற்றில் மகரந்தம் மிகக் குறைவு, பூவில் தேனும் இல்லை. தேனீ அவற்றைத் துழாவும்போது, கண்ணுக்குத் தெரியாமல் நீட்டியிருக்கும் வேறு மகரந்தத் தாள்கள் அதன் உடலில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. இதைவிட ஆச்சரியம் மண்ணுக்கடியில். இந்தச் செடியின் வேர்ப்பக்கக் கிளைகள் மண்ணுக்குள்ளேயே சில பூக்களை விடும். அவை ஒருபோதும் திறப்பதில்லை, தம்மைத்தாமே சூல்கொண்டு விதை வைக்கும். வெளியே ஆடு மேய்ந்தாலும், தேனீ வராவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கு விதை மண்ணுக்குள் தயார். தோட்டத்தில் களை என்று பிடுங்கி எறிகிற செடிக்கு இவ்வளவு முன்யோசனை இருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதை கூடுகிறது.

புதர் தொடங்கும் இடத்தில் கிலுகிலுப்பை. அதன் மஞ்சள் பூவில் வண்டுத்தேனீ அமர்ந்தால் எடை தாங்காமல் கீழிதழ் தாழும். உடனே இதழின் கூர்நுனி வழியாக மகரந்தம் பிதுங்கி வெளிவந்து தேனீயின் வயிற்றில் ஒட்டும். எடை நீங்கினால் இதழ் பழைய இடத்துக்குத் திரும்பும், அடுத்த தேனீக்கு மறுபடி பிதுக்கும். இந்தச் செடியிடம் வண்ணத்துப்பூச்சிகளும் கூட்டமாக வரும், ஆனால் தேனுக்காக அல்ல. நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த தண்டையும் கசங்கிய இலையையும் சுரண்டி, அதிலுள்ள கசப்பான ஆல்கலாய்டுகளை உறிஞ்சுகின்றன. அந்த நஞ்சே பறவைகளிடமிருந்து அவற்றைக் காக்கிறது. பெண்ணை ஈர்க்கும் வாசனையையும் அவை அதிலிருந்தே தயாரிக்கின்றன.

செங்காந்தளை எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. வேலியில் படர்ந்து பார்த்திருப்போம். இங்கே முள்புதரின்மேல் இலைநுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி ஏறும். தலைகீழாகத் தொங்கும் பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, நாளடைவில் மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறும். மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாக வளைந்து வெளியே நீள்கிறது. பெரிய வண்ணத்துப்பூச்சி பறந்தபடி தேன் குடிக்கும்போது அதன் சிறகு சூல்தண்டிலும் மகரந்தத்திலும் உரசுகிறது. கிழங்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதிலுள்ள கோல்ச்சிசின் உயிரைக் கொல்லும். அளவோடு எடுத்தால் கீல்வாத மருந்தாகும் என்பதால், திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள்.

பாறை கசியும் இடங்களில் மண்ணே இல்லாத ஈரத்திட்டு இருக்கும். அங்கே குனிந்து தேடினால் அழுகண்ணி அகப்படலாம். இலை மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்னும் சிறு செடி, ஒட்டிய கொசுவைச் செரித்துத் தழைச்சத்து எடுத்துக்கொள்ளும். சார்லஸ் டார்வின் இதன் இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1875இல் புத்தகமே எழுதினார். புல்லுக்குள் நிற்கும் சுடுமல்லியின் வழி வேறு. புல்லின் வேரில் தன் வேரைச் செருகி நீரும் சத்தும் உறிஞ்சும். சோளக்கொல்லையில் அது உழவருக்குப் பகை. இங்கிலாந்துப் புல்வெளிகளில் இதே ஒட்டுண்ணித் தொழில் செய்யும் யெல்லோ ராட்டில் என்ற செடியை வேண்டுமென்றே விதைக்கிறார்கள். புல் சற்றுத் தளர்ந்தால்தான் மற்றப் பூக்கள் எழும்.

இந்த மலைக்கே உரியவையும் உண்டு. பெயரிலேயே ஊரைச் சுமக்கும் பிம்பினெல்லா திருப்பதியென்சிஸ் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது, வெண்பூக்களைக் குடைபோல விரிக்கும். உயரத்தில், வெயில் காயும் புற்சரிவில், சைக்கஸ் பெத்தோமி நிற்கும். தெலுங்கில் பேரீத்த. பார்வைக்குக் குட்டை ஈச்சை, உண்மையில் பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கும் முந்தைய குலம். அதற்குப் பூவே கிடையாது, ஆண் செடியில் கூம்பும் பெண் செடியில் விதை தாங்கும் இலைகளும் தனித்தனி. காட்டுத்தீயில் அடிமரம் கரியானாலும் உச்சியிலிருந்து புதிய ஓலை விடும். சென்னை மாகாண வனத்துறையை நடத்திய பெத்தோம் என்பவரின் பெயர் 1883இல் இதற்குச் சூட்டப்பட்டது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இதைப் பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலின் முதல் இணைப்பில் சேர்த்திருக்கிறார்கள். செய்தித்தாள்களில் இந்த மலை செம்மரக் கடத்தலுக்காக மட்டுமே வருவது எனக்கு வருத்தம்தான்.

மலையை விட்டு இறங்கிச் சுவர்ணமுகிக் கரைக்குப் போனால் காட்சி மாறுகிறது. காளத்தியில் பொன்முகலி எனப்படும் அதே ஆறு. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் இருப்பதால் செடிகள் இங்கே கொழுக்கின்றன. நாணல் வெண்குஞ்சம் தூக்கி நிற்கும். கரையில் ஊதாப்பூவும் முள்ளுமாக நீர்முள்ளி, தரையோடு படர்ந்த பொடுதலை, பூங்கொத்து நுனியைச் சுருட்டிய தேள்கொடுக்கு. வண்ணத்துப்பூச்சிகள் கிலுகிலுப்பைக்கு வந்த அதே காரணத்துக்காகத் தேள்கொடுக்குக்கும் வரும். ஆனால் மணல் அள்ளப்பட்ட பள்ளங்களும் சீமைக்கருவேலமும் பல இடங்களில் இவற்றைத் துரத்திவிட்டன.

மலைச்சரிவுக்கு உள்ள ஆபத்து வேறு. புதர்நிலம் இன்னும் நம் அரசுக் கணக்கில் தரிசு என்றே பதிவாகிறது. மரம் நட்டுப் பசுமையாக்குவோம் என்று நல்லெண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் குழி தோண்டுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். நிழல் விழுந்ததும் வெயில் விரும்பும் சிறுசெடிகள் முதலில் போகும். உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மீதியை மூடும். 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது மலைக்குள் இருப்பவற்றுக்குக் கவசம். ஊரை ஒட்டிய குன்றுகளுக்கு அந்தக் கவசம் இல்லை.

திருமலையில் யாரும் தலையில் பூச் சூடுவதில்லை, அங்கே பூத்ததெல்லாம் பெருமாளுக்கே என்பது வழக்கம். ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் பெருமாளுக்கென்றே நந்தவனம் அமைத்த மலை அது. காட்டுப்பூ நடைக்கும் இந்த வழக்கம் அப்படியே பொருந்தும், பறிக்காமல் படம் எடுத்துக்கொள்ளலாம். காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படியும் குற்றம். சிறுத்தை நடமாட்டம் உள்ளதால் படிப்பாதையை விட்டு விலகாமல் கூட்டமாகவே போக வேண்டும், பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். லென்ஸ், குடிநீர், ஒரு குறிப்பேடு போதும். பெயர் தெரியாத செடியின் இலை அமைப்பையும் பூவின் இதழ் எண்ணிக்கையையும் எழுதிவந்தால், 1915 முதல் வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரவியல் தொகுதிகளைக் கொண்டு பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.