புகையில் விளையும் பொருள்

புகையிலையை வெறுத்த மன்னர் ஒருவரே அதனாற் பொருளீட்டவும் நேர்ந்த கதை சரித்திரத்தில் உண்டு. இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604ஆம் ஆண்டிலே புகையிலையைக் கண்டித்துச் சிறு நூலொன்று எழுதினார். அத்துடன் அமையாது, இறாத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதித் தீர்வையை 6 சிலிங் 10 பென்ஸாக, அதாவது 41 மடங்காக உயர்த்தினார். ஆயின் 1619இல் அவரது அரசே இங்கிலாந்து மண்ணிற் புகையிலை பயிரிடுவதைத் தடை செய்தது. வேர்ஜீனியாவிலிருந்து வரும் புகையிலையையும் அதன்மேற் கிடைக்கும் தீர்வையையும் காப்பதற்கே இத்தடை பயன்பட்டது. பகைத்த பொருளே பண்டாரத்தை நிரப்பலாயிற்று.

அன்று தோன்றிய இரட்டை நிலை அரசாங்கங்களை விட்டு இன்னும் அகலவில்லை. புகைப்போர் தொகை குறைய வேண்டுமென்கிறது சுகாதாரப் பகுதி. குறைந்தால் வருமானம் என்னாகுமென்று கவலுகிறது திறைசேரி. பாம்பும் சாகாமல், பாம்படித்த கோலும் முறியாமல் வரி விதிக்க முடியுமா?

முடியும் என்கிறது கணக்கு. விலை நூற்றுக்கு 10 வீதம் உயர்ந்தால், வருமானங் குறைந்த நாடுகளிற் பாவனை ஏறக்குறைய 8 வீதங் குறையுமென 1999இல் உலக வங்கி மதிப்பிட்டது. மாணவர்கள் இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியின் விலை 100 ரூபா, அதில் வரி 50 ரூபா, விற்பனை 100 பெட்டி எனக் கொள்வோம். வரி வருமானம் 5,000 ரூபா. வரியில் மேலும் 10 ரூபா கூட்டினால் விற்பனை 92 பெட்டியாகும். வருமானமோ 5,520 ரூபாவாகும். புகை குறைந்தது, பொருள் பெருகியது.

ஆனால் அப்பொருள் எங்கிருந்து வந்தது? பழக்கத்தை விட்டவன் வீட்டில் காசு மிஞ்சும். விடமாட்டாதவன் வீட்டிலோ, பிள்ளையின் பாலுக்கும் கொப்பிக்கும் உரிய காசே வரியாகச் செல்லும். அவனும் விரும்பிக் கொடுப்பவனல்லன்; பழக்கத்தின் பிடியிற் சிக்கியவன்.

இலங்கை 2003இல் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம், வரியைப் பாவனை குறைக்கும் கருவியாகவும் கொள்கிறது. ஆதலின் வரியை உயர்த்துவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அதில் ஒரு பங்கையேனும் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு உதவச் செலவிடுதல் வேண்டும். புகையிலையால் வரும் வருமானம் ஒருநாள் வற்றிப்போகுமாயின், அதனை நட்டமென்று நாம் எண்ணலாகாது. அந்த வரிக்கு அதுவே மெய்யான வெற்றியாகும்.