கருவடிக்குப்பத்து வெயிலில் உறையும் ஐஸ்

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் ஐஸ் உறையும் என்றால் நம்புவீர்களா? மார்கழி விடியலில் அல்ல; மழை விட்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஐப்பசிப் பிற்பகலில்! பாரதியின் குயில் தோப்பும் சித்தானந்தர் கோயிலும் இருக்கிற நம் ஊருக்குப் பக்கத்தில்தான் லாஸ்பேட்டை ஓடுதளம். அங்கே இறங்கப்போகிற ஒரு குட்டி விமானம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தாழ்ந்து வருகிறது. கீழே நாம் வியர்த்து நிற்கும் அதே நேரத்தில், அதன் இன்ஜினுக்கு அடியில் தொங்கும் அலுமினியப் பெட்டியின் தொண்டையில் ஐஸ் படியலாம். நிஜமான, வெள்ளை ஐஸ்!

அந்தப் பெட்டிதான் கார்புரேட்டர். அதை ட்யூன் செய்யும் வேலையை ஒரு ஹேங்கருக்குள் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. பார்த்ததிலிருந்து எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று மாட்டியவர் நீங்கள். வாருங்கள், மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன்.

செஸ்னா 152. உலகமெங்கும் பல தலைமுறை விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த இரண்டு இருக்கை விமானம். மூக்கில் லைக்கமிங் ஓ-235 இன்ஜின், 110 குதிரைத்திறன். சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். நம் கண் பழக்கத்துக்கு கார்புரேட்டரை இன்ஜினின் பின்புறமோ பக்கவாட்டிலோ தேடுவோம். கிடைக்காது. குனிய வேண்டும். அது இன்ஜினின் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. ஸ்டார்ட் ஆகவில்லையே என்று த்ராட்டிலைத் திரும்பத் திரும்ப அடித்தால், உள்ளே இருக்கும் குட்டி பம்ப் பீய்ச்சுகிற பெட்ரோல் சிலிண்டருக்குப் போகாமல் கீழே வழிந்து நிற்கும். அதில் ஒரு பொறி பட்டால் போதும். பயிற்சி மாணவர்களை முதல் வாரத்திலேயே இது பற்றி எச்சரிக்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? ஒரு கிண்ணம், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்பினால் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடும். குறைந்தால் இறங்கித் திறக்கும். இந்த மார்வெல்-ஷெப்ளர் வகையில் மிதவையின் உயரம் ஒரு அங்குலத்தில் 32-ல் 7 பங்கு, அதாவது ஐந்தரை மில்லிமீட்டர் அளவு. அதை அளக்க ட்ரில் பிட்டின் தண்டை இடைவெளிக்குள் நுழைத்துப் பார்க்கிறார்கள்! ஒருவர் வானத்தில் தொங்கப்போவது இந்த ஐந்தரை மில்லிமீட்டரை நம்பி.

மிதவைக்கு ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும். மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் பெட்ரோல் மேலே எகிறிவிடும். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் இதனால்தான் திணறின. எதிரி மூக்கை அழுத்திப் பாய்ந்து தப்புவான். அவன் இன்ஜினில் நேரடி எரிபொருள் பீய்ச்சு முறை. துரத்துகிற ஸ்பிட்ஃபயரின் இன்ஜினோ இருமி அடங்கும். அடுத்த ஆண்டு அதற்கு மருந்து கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். நடுவில் ஓட்டை போட்ட சின்ன உலோக வில்லை ஒன்று, அவ்வளவுதான். அதைப் பெட்ரோல் குழாயில் பொருத்தி அளவுக்கு மீறிய ஓட்டத்தைத் தடுத்தார். கார்புரேட்டரின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

சரி, ட்யூனிங்குக்கு வருவோம். பைக் மெக்கானிக்கின் கையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மெயின் ஜெட்டை யாரும் தொடுவதில்லை. அது தயாரிப்பாளர் வைத்த அளவு. களத்தில் திருப்ப அனுமதி இரண்டே இடத்தில்தான். ஒன்று ஐட்லிங் வேகம். இன்னொன்று ஐட்லிங் கலவை. இரண்டே ஸ்க்ரூ, நொடியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பொறியாளர் திருப்புளியை எடுக்கவே இல்லை! முதலில் காற்றுவடிகட்டி. பிறகு சிலிண்டருக்குப் போகும் ஒவ்வொரு குழாயின் ஜாயின்டிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். அங்கே மயிரிழைக் கசிவு இருந்தாலும் திருட்டுக் காற்று நுழைந்துவிடும். ஐட்லிங்கில் இன்ஜின் குலுங்கும். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் தீராது. அடுத்து, உள்ளே ஒருவர் த்ராட்டிலை இழுத்துத் தள்ள, வெளியே இவர் லீவரைப் பார்க்கிறார்.

“முழுசா அடிக்குதா தம்பி?”

“அடிக்குது சார்.”

“உனக்கு அங்கே கைப்பிடி முட்டுறதுக்கு முன்னாடி எனக்கு இங்கே முட்டணும். மறுபடி தள்ளு.”

கைப்பிடி முதலில் முட்டிவிட்டால், கார்புரேட்டரில் கொஞ்சம் சக்தி திறக்கப்படாமலே மிஞ்சிவிடும். ஓடுதளத்தின் கடைசியில் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை அதிகம்.

பிறகு விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினைச் சூடாக்கினார்கள். சூடேறாத இன்ஜினில் ட்யூனிங் கிடையாது. ஐட்லிங் 600 சுற்றுகளுக்குப் பக்கத்தில். இப்போதுதான் அந்த மாயம்! விமானி அறையில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கிறது, பெயர் மிக்ஸ்சர். அதை மெல்ல, மிக மெல்ல வெளியே இழுக்கிறார்கள். பெட்ரோல் குறைகிறது. குறைந்தால் சத்தம் விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. இன்ஜின் ஒரு நொடி எழும்பியது! முள் சற்று ஏறியது, பிறகுதான் தடுமாறி அடங்கியது. நான் துள்ளிவிட்டேன்.

காரணம் எளிது. ஐட்லிங்கில் கலவையை வேண்டுமென்றே கொஞ்சம் ரிச்சாக, பெட்ரோல் தூக்கலாக வைத்திருப்பார்கள். குமிழை இழுக்கும்போது அது நேர்த்தியான அளவைக் கடந்துபோகிறது. அந்தக் கணத்தில்தான் எழுச்சி. 50 சுற்றுக்கு மேல் எழும்பினால் ரிச் அதிகம், பிளக் கரி பிடிக்கும். எழும்பாமலே விழுந்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. த்ராட்டிலைத் திறக்கும்போது இன்ஜின் திக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜினை நிறுத்தி, ப்ரொப்பெல்லர் நின்ற பிறகு கீழே குனிந்து, ஸ்க்ரூவை ஒரு சொடுக்கு திருப்பி, மறுபடி ஸ்டார்ட். 2000 சுற்றுக்கு ஏற்றி பிளக்குகளைத் துப்புரவாக்கி, மறுபடி இழுத்துப் பார்த்தல். பொறுமைதான் இங்கே பெரிய கருவி. காது அதற்கு அடுத்தது. அந்த மனிதர் முள்ளைப் பார்க்கும் முன்பே “இறங்குது” என்றார். முள் பிறகு இறங்கியது. எல்லாம் முடிந்து, உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் அந்த விமானம் பறக்கும்.

இப்போது ஐஸுக்கு வருகிறேன். கார்புரேட்டரின் தொண்டை இடுப்புச் சிறுத்தது. காற்று அங்கே வேகமெடுக்கும், அழுத்தம் விழும், பெட்ரோல் உறிஞ்சப்பட்டு ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனால்தான் இதுவும் குளிர்கிறது, ஆனால் வெறியோடு: வெப்பம் 35 டிகிரிக்கு மேல்கூடச் சரியலாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஈரம் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் ஐஸாகப் படிந்து வழியை அடைக்கும். வெளியே 38 டிகிரி இருந்தாலும், ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால்கூட இது நடக்கலாம் என்று அமெரிக்க விமானக் கையேடு சொல்கிறது. தரையிறங்க த்ராட்டிலை மூடும்போது ஆபத்து அதிகம். தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, குளிர்ச்சி கூடுகிறது, சத்தம் ஏற்கெனவே குறைவாக இருப்பதால் எச்சரிக்கையும் காதில் விழாது.

பனிநாட்டுக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுக்குகிற இந்த விஷயம் புதுச்சேரிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது! தீர்வு ஒரு கைப்பிடி. அதை இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். ஐஸ் இல்லையென்றால் சுற்று கொஞ்சம் குறைந்து அங்கேயே நிற்கும். ஐஸ் இருந்தால் முதலில் குறைந்து, இன்ஜின் முக்கி முனகி, உருகிய தண்ணீரை விழுங்கிவிட்டு, மேலே ஏறும். அனுபவமில்லாதவர் அந்த முனகலுக்குப் பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். தள்ளக் கூடாது.

காற்று இவ்வளவு பேசுமென்றால் ஊருக்கு ஊர் பேச்சு மாறாதா? மாறும். பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையம் கடலுக்கு மேல் ஏறக்குறைய 890 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. அந்த மெல்லிய காற்றுக்கு ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே வந்தால் லீனாக நிற்கும்.

காற்று இப்படி மாறுவதால்தான் 2022 பிப்ரவரியில் நம் லாஸ்பேட்டைக்கு ஒரு விருந்தாளி வந்தார்: ஹன்சா-என்ஜி. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். பிப்ரவரி 19 அன்று 140 நாட்டிகல் மைல் பறந்து புதுச்சேரியில் இறங்கியது. கடல் மட்டச் சோதனைகள் மார்ச் 5 வரை நடந்தன. 18 மணி நேரப் பறத்தல். கையாளும் தன்மை, ஏறும் வேகம், நேர், எதிர் ஈர்ப்பு விசைகளில் உடல் தாங்குகிறதா, கடல் மட்டத்தில் இன்ஜின் எப்படி உழைக்கிறது, எல்லாம் நம் தலைக்கு மேலே சோதிக்கப்பட்டன. நாட்டின் ஒரு விமானம் தன் தகுதியை நிரூபிக்க நம் ஊர்க் காற்றைத் தேடி வந்திருக்கிறது. எனக்கு இதில் உள்ள பெருமை சொல்லி மாளாது.

இதில் ஒரு திருப்பம். 2000-ல் சான்று பெற்ற பழைய ஹன்சா-3-ல் இருந்தது ரோட்டாக்ஸ் 914. அதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். ஆளுக்கு இரண்டு சிலிண்டர். இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். ஒன்று முந்தினால் இன்ஜின் நடுங்கும், கியர்பாக்ஸ் தேயும். அதற்காக இரண்டு வெற்றிட மானிகளை மாட்டி, முட்கள் இரண்டும் ஒன்றாக நிற்கும்வரை கேபிளைச் சரிசெய்வார்கள். இரண்டு முட்களும் சேர்ந்து ஆடத் தொடங்கும் கணம் இந்தத் தொழிலின் தனி இன்பம்! புதிய ஹன்சா-என்ஜி-யில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி. அதில் கார்புரேட்டரே இல்லை. கணினி காற்றை அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. தொண்டை ஐஸ், மிதவை, சொடுக்கு ஸ்க்ரூ எதற்கும் அங்கே இடமில்லை. பாதுகாப்புக்கு நல்லது, மனமார வரவேற்கிறேன்.

ஆனால் செஸ்னா 152 போன்ற கார்புரேட்டர் விமானங்கள் இன்னும் நிறையப் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கவனிக்கக் கைகள் வேண்டும். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய்விட்டது. தெருமுனைக் கடையில் ஸ்க்ரூ திருப்பிக் காது பழகிய பையன்கள் இனி எங்கே பழகுவார்கள்?

லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. அதே லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆசிரியர்களே, பணிமனையில் கிடக்கும் பழைய கார்புரேட்டரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேஜையில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, சிறு பிஸ்டன் விமானங்களைப் பராமரிப்பதற்கென்று விமானப் போக்குவரத்து இயக்ககம் பி1.2 என்ற உரிமம் தருகிறது. விமானப் பராமரிப்பு என்றால் ஜெட் மட்டும்தான் என்று நினைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள். விசாரியுங்கள், விண்ணப்பியுங்கள்.