உயரம் சொல்லும் இடது கை

இரண்டு வயதுப் பையனின் உயரத்தை இரண்டால் பெருக்கினால், பெரியவனானதும் அவன் இருக்கப்போகும் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பெண் குழந்தைகள் அந்தப் பாதி உயரத்தை ஒன்றரை வயதுவாக்கிலேயே தொட்டுவிடுகிறார்கள். மீதிப் பாதி வளர்வதற்குத்தான் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வளர்ச்சியின் வேகம் இப்படி ஏறி இறங்குவதை முதலில் பதிவு செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த மோன்பெய்யார். 1759இல் பிறந்த தன் மகனைச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினெட்டு வயதுவரை அளந்துவந்தார். இன்று எல்லாக் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் அதே வடிவம்தான் இருக்கிறது. முதல் ஆண்டில் 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ., அதன்பின் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. என்று வேகம் தணிகிறது. பூப்புப் பருவத்தில் மறுபடி ஒரு பாய்ச்சல் வருகிறது.

இந்த வளர்ச்சி நடக்கும் இடம் கை, கால்களின் நீள எலும்புகளது முனைக்கு அருகில் இருக்கும் குருத்தெலும்புத் தகடு. அங்கே புதிய செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி எலும்பாக மாறுகின்றன, எலும்பு நீள்கிறது. பருவ வயதின் முடிவில் தகடு முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்கிறது. அப்படி மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். பெண்களுக்கு மட்டும் அல்ல, ஆண்களுக்கும் அதுதான். 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே அவர் உடல் ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிசாய்க்கவில்லை. உயரம் 204 செ.மீ.; தகடுகள் திறந்தே இருந்தன; அந்த வயதிலும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார்.

ஆகவே உயரத்தைக் கணிப்பது என்றால், தகடு மூடுவதற்குள் இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிடுவதுதான்.

இதற்கு மருத்துவர்கள் முதலில் போடுவது பெற்றோர் கணக்கு. பிரிட்டனின் ஜேம்ஸ் டேனர் பரப்பிய முறை இது. அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, மகன் என்றால் 13 சேர்த்து, மகள் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 170 செ.மீ., அம்மா 153 செ.மீ. என்றால் மகனுக்கு 168, மகளுக்கு 155 வரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உள்ள சராசரி வித்தியாசமே அந்த 13. பையன்களுக்குப் பருவப் பாய்ச்சல் சுமார் இரண்டு ஆண்டு தாமதமாகத் தொடங்குவதால் வளர்வதற்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் 168 என்பது ஒரு நடுப்புள்ளி. அதற்கு மேலும் கீழும் எட்டரை செ.மீ. வரை தள்ளி நின்றாலும் இயல்புதான். ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணனும் தம்பியும் கண்ணில் படும் வித்தியாசத்தில் நிற்பது இதனால்தான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை விட உயரமாக இருந்தாலும் பெரும்பாலும் பெற்றோரை எட்டுவதில்லை என்பதை 1886இலேயே பிரான்சிஸ் கால்டன் காட்டியிருக்கிறார். எளிய பெற்றோர் கணக்கில் அதற்கும் இடமில்லை.

இன்னும் நெருக்கமான விடை வேண்டுமென்றால் இடது கையை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்புகள் எக்ஸ்ரேயில் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. வயது ஏற ஏற ஒவ்வொன்றாக எலும்பாகித் தென்படும், விரல்களின் தகடுகள் மெல்ல மூடும். 1950இல் கிரூலிக், பைல் இருவரும் வயதுவாரியாகத் தொகுத்து வெளியிட்ட கை எக்ஸ்ரே படங்களோடு ஒப்பிட்டால் பிள்ளையின் எலும்பு வயது தெரியும். 1952இல் நான்சி பெய்லியும் பின்னோவும் தந்த அட்டவணையைக் கொண்டு, அந்த எலும்பு வயதில் இறுதி உயரத்தில் எத்தனை சதவீதம் வந்திருக்கும் என்று பார்க்கலாம். எலும்பு வயது 12 என்றால் பையன் சுமார் 83 சதவீதமும், பெண் சுமார் 92 சதவீதமும் வளர்ந்திருப்பார்கள்.

வகுப்பில் எல்லோரையும் விடக் குட்டையாக, முதல் வரிசையில் நிற்கும் பையன்கள் பலரைப் பற்றிய கவலையை இந்த ஒரு படம் தீர்த்துவிடும். வயது 13, எலும்பு வயது 11 என்றால் அவன் தாமதமாக வளர்கிறவன். அவனுக்கு வளர்ச்சி இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

மரபணுவைப் பார்த்தே உயரத்தைச் சொல்லிவிட முடியாதா? 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மாறுபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். அவை அத்தனையும் சேர்ந்து, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இடையே உள்ள உயர வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்தை விளக்குகின்றன. மற்ற மக்களுக்கு இன்னும் குறைவு.

மரபணு அனுமதிக்கும் உயரத்தைப் பிள்ளை எட்டுகிறதா என்பதை உணவும் நோயும்தான் முடிவு செய்கின்றன. ஒரு நூற்றாண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 செ.மீ. கூடியது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறியிருக்க முடியாது, மாறியது வாழ்க்கை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம்.

பெற்றோர் கணக்கு நம் ஊரில் சறுக்கும் இடம் இதுதான். சிறுவயதில் அரை வயிற்றுக்கு உண்டு வளர்ந்த தாயின் உயரம் அவருடைய மரபணுவின் அளவு அல்ல. அதில் அந்தக் காலத்துப் பசியும் கலந்திருக்கிறது. அந்த உயரத்தை வைத்து மகளின் எல்லையைக் குறித்தால், தாய்க்கு நேர்ந்த குறையை மகளுக்கும் விதியாக்குகிறோம். “எங்க குடும்பமே குட்டைதான்” என்று விட்டுவிடக் கூடாது.

வருங்கால உயரத்தை விட, இப்போதைய வேகம் முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து எழுதிவையுங்கள். நான்கு வயதுக்கும் பருவத்துக்கும் இடையில் ஆண்டுக்கு நான்கு செ.மீ.கூட ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, சிறுநீரகக் கோளாறு, பெண்களுக்கு டர்னர் குறைபாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் பூப்பெய்திய பிறகு பெண் பிள்ளைகள் பொதுவாக வளர்வது ஐந்து முதல் ஏழு செ.மீ.தான். தகடு மூடிய பின் எந்த மருந்தும், எந்தச் சத்துமாவும், எந்தத் தொங்கு பயிற்சியும் எலும்பை நீட்டாது. அதனால் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அளக்கத் தொடங்கிவிடுங்கள்.