சாலையும் இல்லை, நடைபாதையும் இல்லை... அலாஸ்காவின் வடகோடிக் காட்டுக்கு எப்படிப் போகிறார்கள்? எப்படித் திரும்புகிறார்கள்?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பளவு சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு சாலைகூடக் கிடையாது. நுழைவு வாயில், டிக்கெட் கவுன்ட்டர், மலையேறுபவர்களுக்கான ஒற்றையடிப் பாதை என எதுவுமே இல்லை. பெயர் 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்'. அதாவது, ஆர்க்டிக்கின் வாசல். வாசல் என்று பெயர் வைத்துவிட்டு வழியே வைக்காத இடம்!

1929 முதல் இந்தப் பகுதியைச் சுற்றிவந்த வனவியலாளர் பாப் மார்ஷல் வைத்த பெயர் இது. ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நின்ற இரண்டு மலைகள் அவருக்கு வாசல் தூண்களாகத் தெரிந்திருக்கின்றன. 1980-ல் இது தேசியப் பூங்கா ஆனது.

வழி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் அங்கே போகத்தான் செய்கிறார்கள். பாதி தூரம் சாலையில், மீதி குட்டி விமானத்தில். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் என்றால் அதற்குத் தனி மவுசு. ஆனால் போவது பெரிய விஷயமில்லை. திரும்பி வருவதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏன் இலையுதிர் காலம்?

வட அலாஸ்காவில் இலையுதிர் காலம் என்பது இரண்டு, மூன்று வாரக் கூத்து. அவ்வளவுதான். மலைச்சரிவுகளில் மரங்களே இல்லாத தூந்திரா நிலம். முழங்கால் உயரத்துக்குக் குட்டையான பிர்ச் புதர்கள், தரையோடு படரும் ப்ளூபெர்ரி செடிகள். இவை ஒரே நேரத்தில் சிவப்பாக மாறும்போது, இலை நிறம் மாறியதுபோல இருக்காது. தரையே நிறம் மாறியதுபோல இருக்கும். கீழே பள்ளத்தாக்கில் ஆஸ்பென், பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும்.

இன்னொரு காரணம் கொசு. கோடையில் அங்கே கொசுத்தொல்லை அவ்வளவு மோசம். முதல் உறைபனி விழுந்ததும் கொசு காலி. கோடையில் சூரியனே மறையாத ஊர்களில் இரவும் திரும்பி வருகிறது. இரவு வந்தால்தானே வானத்தில் பச்சையாக ஆடும் வடதுருவ ஒளியைப் பார்க்க முடியும்?

அதே இரவுதான் ஆபத்தும். செப்டம்பரில் ஒவ்வொரு நாளும் பகல் 7 நிமிடத்துக்கு மேல் குறைந்துகொண்டே போகும். ஒரு வாரம் தங்கினால் கிட்டத்தட்ட 50 நிமிட வெளிச்சம் போச்சு. காலையில் வெயில், மதியம் மழை, இரவில் பனிப்பொழிவு எனத் தெளிவில்லாத வானிலை வேறு.

சாலை எதுவரை?

ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் தொடங்குகிறது டால்டன் நெடுஞ்சாலை. நீளம் 666 கி.மீ. ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் பக்கத்தில் உள்ள டெட்ஹார்ஸ் வரை போகும். நெடுஞ்சாலை என்றதும் நான்கு வழிச்சாலையைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பகுதி ஜல்லி ரோடுதான்.

இது சுற்றுலாவுக்காகப் போட்ட ரோடும் இல்லை. வடக்கே 1968-ல் எண்ணெய் கிடைத்தது. அதைத் தெற்கே கொண்டுபோகக் குழாய் பதிக்க வேண்டும், அதற்கு லாரி போக வேண்டும். அதற்காக 1974-ல் ஐந்தே மாதத்தில் போட்டது. 1,287 கி.மீ. நீளமுள்ள அந்தக் குழாய் இன்றும் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில்தான் நிற்கிறது. காரணம், அங்கே மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். சூடான எண்ணெய்க் குழாயைப் புதைத்தால் மண் உருகிக் குழாய் அமிழ்ந்துவிடும். கடைசி வரை பொதுமக்கள் இந்தச் சாலையில் போக அனுமதி கிடைத்தது 1994-ல்தான்.

வழியில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் வரும் நிறுத்தம் கோல்ட்ஃபுட். பயந்து பின்வாங்குவதை ஆங்கிலத்தில் 'கால் ஜில்லிட்டுப் போச்சு' என்பார்கள். 1900-ஐ ஒட்டித் தங்கம் தேடி வந்தவர்கள் இதுவரை வந்து, பயந்து திரும்பியதால் இந்தப் பெயர் என்கிறார்கள். இன்றும் இங்கே சிலர் மனதை மாற்றிக்கொள்ள நியாயம் உண்டு. கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் பங்க் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை, மெக்கானிக் இல்லை. செல்போன் சிக்னலும் கிடையாது. நடுவே 1,400 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அட்டிகன் கணவாய். அங்கே ஆகஸ்டிலேயே பனி விழலாம். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பதுதான் பழகியவர்களின் கணக்கு. வாடகை கார் நிறுவனங்கள் பல, ஜல்லி ரோட்டில் ஓட்டவே அனுமதிப்பதில்லை. எதிரே பெரிய லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் இங்கே எழுதப்படாத விதி. இல்லாவிட்டால் பறக்கும் ஜல்லியில் கண்ணாடி போய்விடும்.

பூங்கா எல்லைக்குச் சுமார் 8 கி.மீ. அருகே வரை இந்தச் சாலை வருகிறது. அங்கிருந்து நடந்தே உள்ளே போகிறவர்களும் உண்டு. ஆனால் பாதை கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும்.

குட்டி விமானம் எங்கே இறங்கும்?

பெரும்பாலானவர்கள் கோல்ட்ஃபுட் அல்லது பெட்டில்ஸ் கிராமத்திலிருந்து பறக்கிறார்கள். ஓட்டுநரோடு சேர்த்து ஐந்தாறு பேர் உட்காரும் செஸ்னா, 1947-ல் முதன்முதலில் பறந்து இன்னமும் ஓய்வுபெறாத 'பீவர்' போன்ற விமானங்கள்தான். ஏரியில் இறங்க வேண்டும் என்றால் சக்கரத்துக்குப் பதில் மிதவை. ஆற்றுக் கூழாங்கல் திட்டில் இறங்க வேண்டும் என்றால் பலூன் மாதிரி உப்பிய பெரிய டயர். ரன்வே என்பதே தேவையில்லை.

ஏறும் முன் மூட்டையை மட்டுமல்ல, ஆளையும் எடை பார்ப்பார்கள். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேவை விமானத்துக்குள் வைக்க விடமாட்டார்கள். பறக்கும்போது அது வெடித்தால் விமானி கண்ணைத் திறக்க முடியாது. அதனால் மிதவையில் உள்ள அறையில் வைத்துவிடுவது வழக்கம். கரடி திறக்க முடியாத உணவு டப்பாக்களைப் பூங்கா அலுவலகமே இலவசமாக இரவல் தருகிறது. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. செலவெல்லாம் விமானத்துக்குத்தான்.

ஆளே இல்லாத காடு என்று இதைச் சொல்லிவிட முடியாது. பூங்கா எல்லைக்குள்ளேயே அனக்டுவுக் பாஸ் என்ற ஊரில் நூனமியூட் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கரிபு மான் கூட்டம் வலசை போகும் வழியைப் பார்த்து அமைந்த ஊர் அது. அங்கே மளிகைச் சாமான் வருவதும் விமானத்தில்தான்.

ஒரு கை தூக்கியதால் போன உயிர்

1981 மார்ச். கார்ல் மெக்கன் என்ற 35 வயதுப் புகைப்படக்காரர், ஃபேர்பேங்க்ஸுக்கு வடகிழக்கே சுமார் 360 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் குட்டி விமானத்தில் போய் இறங்கினார். கையில் 500 ஃபிலிம் ரோல், 600 கிலோவுக்கு மேல் உணவும் சாமான்களும். ஆகஸ்டில் விமானம் வந்து அழைத்துப்போகும் என்பது அவர் நினைப்பு. ஆனால் யாரிடமும் அதை உறுதி செய்து வைக்கவில்லை. தோட்டாக்கள் அதிகம் என்று தோன்றவே, ஐந்து பெட்டிகளைத் தூக்கியும் வீசிவிட்டார்.

ஆகஸ்ட் போனது, விமானம் வரவில்லை. பிறகு ஒருநாள் போலீஸ் விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. மகிழ்ச்சியில் ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். விமானம் போய்விட்டது. பல நாள் கழித்து, தன் வேட்டை உரிமத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த சைகைகளைப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு கையையும் தூக்கினால் 'உதவி வேண்டும்'. ஒரு கையை மட்டும் தூக்கினால் 'எல்லாம் நலம், காத்திருக்க வேண்டாம்'.

1982 பிப்ரவரியில் அவர் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது அவர் உயிருடன் இல்லை. பக்கத்தில் சுமார் 100 பக்க டைரி இருந்தது. திரும்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

ஓரளவுக்கு. செல்போன் எடுக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. உணவு, தீ மூட்டும் பொருள், சமிக்ஞைக் கருவி போன்றவை இல்லாமல் குட்டி விமானம் ஓட்டக்கூடாது என்று அலாஸ்காவில் தனிச் சட்டமே இருக்கிறது. போகிறவர்கள் பயணத் திட்டத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். எந்த ஏரி, எந்தக் கரை, எந்த நாள் என்பது வரைக்கும்.

ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தாலும் மேகம் விலக வேண்டுமே? இந்த விமானிகள் பெரும்பாலும் மலையையும் ஆற்றையும் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கணவாயை மேகம் அடைத்துவிட்டால் அன்றைக்கு விமானம் இல்லை. மறுநாளும் இல்லாமல் போகலாம். அதனால்தான் ஐந்து நாள் பயணத்துக்கு எட்டு, ஒன்பது நாள் சாப்பாடு கட்டச் சொல்கிறார்கள். மறுநாள் அலுவலகம் போக வேண்டும் என்று ஊர் திரும்ப டிக்கெட் போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது சகஜம்.

செப்டம்பர் கடைசியை நெருங்க நெருங்க இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஏரி ஓரங்களில் பனிக்கட்டி கட்டத் தொடங்கினால் மிதவை விமானம் இறங்க முடியாது. சறுக்குக் கட்டை பூட்டிய விமானம் இறங்க வேண்டும் என்றால் அந்தப் பனிக்கட்டி நன்றாகத் தடித்துக் கெட்டியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள், ஏரியில் எந்த விமானமும் இறங்காது.