கிட்டார் பண்பேற்றப் பெடல்

மின் கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே இணைக்கப்பட்டு, கிட்டார் ஒலியின் வீச்சையோ சுருதியையோ நிறத்தையோ சீரான கால இடைவெளியில் ஏற்றி இறக்கும் சிறு மின்னணுப் பெட்டி பண்பேற்றப் பெடல் எனப்படும். காலால் அழுத்தி இயக்குவதால் பெடல் என்று பெயர். கோரஸ், ஃபிளாஞ்சர், ஃபேசர், வைப்ரேட்டோ, டிரெமோலோ ஆகியவை முன்பு தனித்தனிப் பெட்டிகளாக விற்கப்பட்டன. இன்று இவை ஒரே பெட்டிக்குள் கிடைக்கின்றன. லைன் 6 நிறுவனத்தின் எம்.எம்.4 பெடலில் 16 விளைவுகளும், பாஸ் நிறுவனத்தின் அடக்கமான எம்.டி.-200 பெடலில் 12 வகைகளும் உள்ளன.

இத்தனையும் ஒரு பெட்டிக்குள் அடங்கியதற்குக் காரணம், இவற்றுள் பல ஒரே செயலின் வேறு வேறு அளவுகள் என்பதுதான். ஓர் ஒலியை, சற்றுப் பிந்தி வரும் அதன் நகலோடு கூட்டுவதே அந்தச் செயல்.

அருவியும் சுவரும்

இதைக் கேட்டறியக் கிட்டார் தேவையில்லை. கடையநல்லூரிலிருந்து தென்காசி வழியே குற்றாலம் போகிறவர்கள், சாரல் காலத்தில் அருவி இரைச்சலுக்கு முதுகு காட்டி ஒரு கற்சுவரின் அருகே நின்று, தலையைச் சுவரை நோக்கி மெல்லக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். இரைச்சலுக்குள் ஒரு சுருதி எழுந்து, தலை நெருங்க நெருங்க மேலேறும். நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் காதில் கூடுவதால் இது நிகழ்கிறது. 1693-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், பிரான்சின் சாந்தில்லி மாளிகைத் தோட்டத்தில் நீரூற்றின் ஓசை கற்படிகளில் பட்டுத் திரும்பும்போது இப்படி ஒரு சுருதி கேட்பதைக் குறித்து வைத்தார்.

காது சுவரிலிருந்து 17 செ.மீ. தள்ளி இருந்தால், திரும்பும் ஒலி 34 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். அந்தத் தாமதத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1000, 2000 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் வலுப்பெறும். வரைபடத்தில் போட்டால் சீப்புப் பற்கள் போல் தெரியும். தலையை அசைத்தால் பற்கள் இடம் மாறும். ஃபிளாஞ்சர் செய்வது இதையேதான். தலைக்குப் பதில், மெதுவாக ஊசலாடும் ஒரு மின்சுற்று தாமதத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

தாமதத்தின் அளவு

தாமதம் 1 முதல் 10 மில்லி விநாடி வரை இருந்தால் ஃபிளாஞ்சர். 15 முதல் 30 வரை போனால் கோரஸ். ஒருவர் வாசிப்பது இருவர் சேர்ந்து வாசிப்பது போல் கேட்கும். இரட்டை நாதஸ்வரத்தைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது புதிதன்று. இருவர் எவ்வளவு தேர்ந்தவர்களானாலும் நேரத்திலும் சுருதியிலும் மயிரிழை வேறுபாடு இருக்கும். 440, 442 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு விம்மல்கள் எழும் என்று மேல்நிலை வகுப்பில் படித்தது நினைவிருக்கும். அந்த விம்மல்தான் ஒலிக்கு நிறைவு தருகிறது.

தாமதம் மாறாமல் நின்றால் சுருதி மாறாது. தாமதம் கூடிக்கொண்டே போகும்போது சுருதி இறங்கும். குறைந்துகொண்டே வரும்போது ஏறும். விலகிப்போகும் ரயிலின் ஊதல் தாழ்ந்து கேட்பதும் இதனால்தான். மூல ஒலியை நிறுத்திவிட்டு, இப்படி அசையும் நகலை மட்டும் வெளியே விட்டால் அது வைப்ரேட்டோ.

ஃபேசரில் தாமதக் கோடு இல்லை; கட்டத்தை மட்டும் திருப்பும் வடிகட்டிகள் வரிசையாக இருக்கும். நான்கு வடிகட்டிகளுக்கு இரண்டு பள்ளங்கள் கிடைக்கும். 1974-இல் வந்த எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 அப்படிப்பட்டது. அதில் ஒரே ஒரு குமிழ். டிரெமோலோ இன்னும் எளியது: ஒலியின் அளவு மட்டும் ஏறி இறங்கும். பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் தன் ஒலிபெருக்கிகளில் டிரெமோலோவுக்கு வைப்ரேட்டோ என்று பெயரிட்டது. சுருதியை அசைக்கும் கிட்டார்க் கைப்பிடிக்கு டிரெமோலோ என்று பெயரிட்டது. அந்தத் தலைகீழ் வழக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

சட்டி கைமாறும் சில்லு

ஜப்பானியப் பொறியாளர் ஃபுமியோ மியெடா வடிவமைத்த யூனி-வைப் கருவியில் துடிக்கும் ஒரு சிறு விளக்கும் அதைச் சுற்றி நான்கு ஒளியுணர் மின்தடைகளும் இருந்தன. 1969-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உட்ஸ்டாக் மேடையில் இதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் சாங்ஸ்டரும் டீரும் உருவாக்கிய ஒரு சுற்று, பின்னாளில் தாமதத்தைச் சில்லுக்குள் கொண்டுவந்தது. கான்கிரீட் தளம் போடும்போது சட்டி கைமாறிப் போவது போல, மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும். 512 படிகள் உள்ள சில்லுக்கு விநாடிக்கு 25,600 கடிகாரத் துடிப்பு கொடுத்தால், படிகளைத் துடிப்பின் இரு மடங்கால் வகுக்க, 10 மில்லி விநாடித் தாமதம் கிடைக்கும். துடிப்பை மாற்றினால் தாமதம் மாறும். 1976-இல் வந்த பாஸ் சி.இ.-1 இந்த முறையில் இயங்கிய கோரஸ் பெடல்.

இன்றைய பல்விளைவுப் பெடலில் சட்டிகளின் இடத்தில் எண்கள். விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து நினைவகத்தில் எழுதினால், 20 மில்லி விநாடித் தாமதம் என்பது 960 இடம் பின்னால் போய்ப் படிப்பது மட்டுமே. குமிழைத் திருப்பினால் வேறு நிரல் ஓடுகிறது, பெட்டி அதேதான்.

கமகத்தோடு உறவு

கர்நாடக இசையில் இந்தப் பெட்டியை நிதானித்துத்தான் பயன்படுத்த வேண்டும். கமகமும் சுருதி அசைவுதான். ஆனால் எந்த ஸ்வரத்தை எவ்வளவு, எந்த வேகத்தில் அசைப்பது என்பதை ராகம் தீர்மானிக்கிறது. பெட்டிக்கு ராகம் தெரியாது. எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவில் ஆட்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இதற்குப் பொருத்தமான சான்று. வழக்கமான மாண்டலினில் கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும். அதுவே இயற்கையான கோரஸ். இரண்டு கம்பிகளையும் ஒரே அளவு இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். அவர் வாசித்ததோ ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின். மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா, ஹென்ட்ரிக்ஸை நினைவுகூரும் இசைத்தொகுப்பு ஒன்றை 2006-இல் வெளியிட்டார். இரண்டு மரபுகளும் ஒரே கருவியில் இயலும். ஆனாலும் ஆலாபனை பழகும் மாணவர் வைப்ரேட்டோவை அணைத்துவிட்டு விரலால் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. மெல்லிசையில் இந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

மேடையில் கவனிக்க வேண்டியவை

கல்யாண வீட்டு மேடைகளில் பெரும்பாலும் இரு பக்க ஒலிபெருக்கிக்கும் ஒரே ஒலிதான் போகும். எனவே ஸ்டீரியோவை நம்பி விளைவைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் கேட்ட விரிவு அங்கே கிடைக்காது.

மின்சாரம் அதைவிட முக்கியம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில் இயங்கும். செருகியின் உள்முனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். வீட்டு இணையப் பெட்டிகளின் அடாப்டர்கள் பல இதற்கு நேர்மாறு. மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், கச்சேரிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அப்படி ஓர் அடாப்டரைச் செருகினார். சேமித்து வாங்கிய பெடல் அன்றே போயிற்று. "முனை பார்த்துச் செருகுன்னு லேப்ல சொன்னீங்க சார், மறந்துட்டேன்" என்றார்.

எண்முறைப் பெடல்களில் 200 முதல் 300 மில்லி ஆம்பியர் வரை கேட்பவை உண்டு. சதுர 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. அதை நம்பி மேடையேறினால் கச்சேரியின் பாதியிலேயே அணைந்துவிடும். பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் முனைக்குறியையும் மின்னோட்ட அளவையும் அடாப்டரில் உள்ளவற்றோடு ஒப்பிட்ட பிறகே இணைக்க வேண்டும். அடாப்டரின் மில்லி ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. வோல்ட் அளவு மட்டும் பெட்டியில் உள்ளபடியே இருக்க வேண்டும்.